ஞாயிறுதோறும் மைக் வேலை செய்யாது

ஆம்பூர்,
செப்டம்பர் 2009

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை ஷாஜின் அவர்களுக்கு,

மாமா ஜெபராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறையை மாற்றிப் பார்க்கும் வயது எனக்குக் கடந்துவிட்டபடியால் நலம் என்றே ஆரம்பிக்கிறேன். உங்கள் நலத்தையும், மகள் ரெனிட்டாவின் நலத்தையும், அவள் அங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்காகச் செய்துகொண்டிருக்கும் பயிற்சியின் நலத்தையும், மான்செஸ்டர் மழையின் நலத்தையும் நான் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். நீங்கள் கேட்டுக்கொண்டபடி இந்தக் கடிதத்தை உங்கள் ஆபீஸ் முகவரிக்கே ஏர்மெயிலில் அனுப்புகிறேன். வீட்டு இ-மெயிலை ரெனிட்டாவும் திறப்பாள், வீட்டுத் தபாலையும் அவளே முதலில் எடுப்பாள், ஆகவே அவளைப் பெற்ற அம்மாவின் உடம்பைப் பற்றி எழுதுவதற்கு முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் நிறைந்த உங்கள் ஆபீஸ்தான் பாதுகாப்பான இடம் என்று நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம் ஜெயம்மாளுக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போன சமயத்தில் நீங்கள் செய்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. வேறு வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அடுத்த விமானத்தில் வந்து இறங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாருக்கும் இடைஞ்சலாக நின்று, டாக்டரிடம் வெளிநாட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்டு, நாலு நாள் பிரியாணி சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார். நீங்கள் அப்படித் தொந்தரவு எதுவும் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து இறங்க ஏற்பாடு செய்தீர்கள். அதன் பின்னாலேயே பிராட்பேண்டும், கேமராவும், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானும் போய்விடும் ஒரு பேட்டரிப் பெட்டியும் வந்தன. "மாமா, கஷ்டமான நேரத்துல ஆர்ட்டும் கல்ச்சரும்தான் ஆறுதல். இங்க ரெசெஷன்ல வேலை போனவங்க எல்லாம் ஆன்லைன்ல மியூசியம் பார்த்துதான் தேறினாங்க" என்று போனில் சொன்னீர்கள். அங்கே வேலை போனவர்கள் ஷூ வாங்குவதை நிறுத்தியதால் இங்கே வேலை போனவர்களும் அதே மியூசியத்தைப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

ரெனிட்டாவின் விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவையும் நான் மறுத்துப் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பயிற்சி மார்ச் வரை. நடுவில் லீவு போட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அம்மாவுக்கு லேசான பக்கவாதம், பிசியோதெரபியில் சரியாகிக்கொண்டு வருகிறது என்று மட்டும் அவளிடம் சொல்லலாம் என்றீர்கள். சரி என்றேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் இதைச் செய்யுங்கள் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நாங்கள் சந்தோஷம் என்போம், ஜெபித்துக்கொள்கிறோம் என்போம், கிறிஸ்துமஸுக்குச் சட்டைத் துணி எடுத்துத் தருவோம். அதோடு எங்கள் அதிகாரம் முடிந்தது.

இனி நீங்கள் கேட்ட விவரம். நீங்கள் அனுப்பிய ஆறுதல்களை எல்லாம் நாங்கள் எப்படி அனுபவித்தோம் என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் மியூசியத்துக்குப் போனோம். போனோம் என்றால் நான், கட்டிலில் சாய்த்து உட்காரவைத்த ஜெயம்மாள், அவளைப் பார்த்துக்கொள்ளும் கெங்கம்மாள் மூன்று பேரும். கெங்கம்மாள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தவள். உங்கள் ஊர்க் கடைகள் ஷூ வேண்டாம் என்று சொன்ன மறுமாதம் கம்பெனி அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இப்போது ஜெயம்மாளைப் புரட்டிப் படுக்கவைப்பதும் குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவள்தான். அம்புக்குறியை அழுத்தினால் நாமே நடந்து போவது போல மியூசியத்துக்குள் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள், அழுத்தினேன், போனோம், முதல் அறையில் ஒரு தட்டில் ஒரு தலை இருந்தது.

"இன்னா சார் அது, தட்டுல தலை?" என்றாள் கெங்கம்மாள்.

"யோவான் ஸ்நானகனுடையது. பைபிளில் வருகிறது."

"யாரு வெட்னது?"

"ராஜா."

"டீச்சரம்மாக்கு இத்தக் காட்டவா அவ்ளோ தூரத்துலர்ந்து கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாரு மாப்பிள்ளை?"

நான் அடுத்த அறைக்குப் போனேன். அங்கே ஒரு வாலிபனை மரத்தில் கட்டி அம்புகளால் குத்தியிருந்தார்கள். அதற்கடுத்த அறையில் சாகக் கிடக்கும் ஒரு கிழவியின் கட்டிலைச் சுற்றிக் குடும்பத்தார் நின்றுகொண்டிருக்க, டாக்டர் ஒருவர் மூத்திரக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்றிருந்ததைத் தவிர மற்றபடி நம் வீட்டு நிலைமைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே போகலாம் என்று கதவுப் பக்கம் இருந்த அம்பை அழுத்தினேன், அதே அறையின் இன்னொரு மூலையில் போய் நின்றோம், திரும்ப அழுத்தினேன், கூரையைப் பார்த்தோம், பிறகு தரையை, பிறகு மறுபடியும் டாக்டரை. அறை சுற்றச் சுற்ற ஜெயம்மாள் தலை சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். "சார், காவக்காரன் யாருன்னா இருப்பான், அவனக் கேளு சார்" என்று கெங்கம்மாள் அவசரப்படுத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, பேட்டரிப் பெட்டியும் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கியது. மின்வெட்டு மனிதரை விடுதலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் சத்தார் வந்தார். கல்யாணத்தில் உங்களுக்கு மாலை போட்டுவிட்டு உங்களைவிட அதிகமாகப் போட்டோவில் விழுந்தாரே, பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி, அவர்தான். பச்சைத்தோலை விரித்த உடனே இது முதல் ரகம், இது மூன்றாவது ரகம் என்று பிரிப்பதில் காலத்தைக் கழித்தவர். இந்த வருஷம் பிரிக்கத் தோல் வராததால் கண்ணில் படுவதை எல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் கம்ப்யூட்டரில் வேறொரு மியூசியத்தின் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளிங்கில் ஒரு தாடிக்காரர், தோளில் மேல்துண்டு போல எதையோ மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். சத்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"அந்தக் கழுத்துகிட்ட கொஞ்சம் பெருசு பண்ணு ஜெபராஜு. பாத்தியா, கத்தி பட்டுக்குது. உரிச்சவன் புது ஆளு. ஓரமெல்லாம் கிழிச்சி வச்சிக்கிறான். எவ்ளோ கம்மி பண்ணிக் கேட்டாலும் மூணாவது ரகந்தான் போவும்."

"சத்தார், அது மனுஷத் தோல்."

"இன்னாது?"

"அவர் பர்த்தொலொமேயு. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். உயிரோடு தோலை உரித்துக் கொன்றார்கள். தன்னுடைய தோலைத் தானே தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்."

சத்தார் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தவ்பா, தவ்பா. பெரியவரே, மன்னிச்சிடுங்க, தெரியாம ரகம் சொல்லிட்டேன்" என்று சிலையைப் பார்த்து உரக்கச் சொன்னார். கீழே எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன்: தோல் பதனிடுகிறவர்களுக்கு இவர்தான் காவலராம். சத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "நம்ம லைனுக்கா? உரிச்சவங்க லைனுக்கு உரிபட்டவரு காவலா? ரொம்பத் தங்கமான மனுஷனா இருப்பார் போல. நானா இருந்தா நம்ம டேனரி ஒண்ணயும் விட்டு வச்சிருக்க மாட்டேன்."

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தோம். ஜெயம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயின் வலது பாதி சொன்னபடி கேட்காததால் இடது பாதி மட்டும் சிரித்தது. ஜூனுக்குப் பிறகு அன்றுதான். சத்தாரும் சிரித்தார், கெங்கம்மாள் முந்தானையால் ஜெயம்மாளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் சொன்ன ஆறுதல் அங்கே உண்மையிலேயே இருந்தது. அனுப்பியதற்கு நன்றி. அந்தச் சிரிப்பை ரெனிட்டாவுக்கும் காட்டலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாதி வாய் சிரிப்பது அவள் கண்ணில் படும் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

அடுத்ததாக நீங்கள் சொன்ன பாடகர் குழு. பழைய ஒரு பேராலயத்தில் பாடுவதை நேரலையில் பார்க்கலாம் என்றீர்கள். ஜெயம்மாள் சர்ச் குவயரில் ஆல்ட்டோ குரலில் பாடியவள், ஸ்கூல் டீச்சராக நாலாவது வகுப்பில் பேசினால் பத்தாவது வகுப்பில் பையன்கள் எழுந்து நிற்பார்கள், அப்பேர்ப்பட்ட குரல். ஆவலாகத்தான் உட்கார்ந்தாள். பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாம் அடிக்காக முன்வரிசையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தார். அங்கேயே படம் நின்றுவிட்டது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயரை ஆட்டினேன், பெட்டியைத் தட்டினேன், சத்தார் போன் செய்து அவருக்குத் தெரிந்தவரைக் கேட்டார், அந்தத் தெரிந்தவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். இவ்வளவு நேரமும் அந்தப் பெரியவர் வாய் ஒரு பக்கம் கோணியபடி திறந்தே இருந்தது, குரல் வரவில்லை. கட்டிலில் இவள். திரையில் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் முதலில் பார்வையை எடுத்தவன். கெங்கம்மாள் மெதுவாக வந்து திரையின் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

சத்தாருக்கு இது பொறுக்கவில்லை. தன் சமூகத்தின் பெருமையைக் காட்ட வேண்டும் என்று உருது முஷாயிரா ஒன்றைத் தேடிப் போட்டார். கவிஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து கவிதை சொல்வதும் கேட்பவர்கள் வாஹ், வாஹ் என்பதும் இவ்வூரில் உங்களுக்குத் தெரியாததல்ல. அது எப்போதோ பதிவு செய்தது, நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்காது என்று எவ்வளவு சொன்னாலும் சத்தார் ஒப்பவில்லை. "அவர் சொல்றாரு, நாம சும்மா ஒக்காந்திருந்தா இன்னா மரியாதை?" என்று ஒவ்வொரு அடிக்கும் கையைத் தூக்கி வாஹ் என்றார். நாலைந்து கவிதைக்குப் பிறகு ஜெயம்மாளும் தன் இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்து மெதுவாகத் தூக்கினாள். அவளுக்கு உருதுவில் ஒரு சொல்கூடத் தெரியாது. பேச முடியாதவர்களும் பங்கெடுத்துக்கொள்ள வழியுள்ள ஒரு கலையைக் கண்டுபிடித்த சமூகத்தை நான் இனிக் குறை சொல்லமாட்டேன் என்று சத்தாரிடம் சொன்னேன். இதுவரை என்ன குறை சொன்னாய் என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார்.

இப்படி நீங்கள் அனுப்பியதை எல்லாம் நாங்கள் பார்த்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் வெளியே அனுப்பும் கலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாடகத்தைச் சொல்கிறேன். ரெனிட்டா கேமராவில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும், அம்மா ஏன் பேசவில்லை என்று கேட்டால் மைக் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள். நல்ல யோசனை. ஆனால் மைக் ரிப்பேர் என்றால் ஜெயம்மாள் மட்டும் பேசாமல் இருந்தால் போதாது, வீட்டில் யார் குரலுமே அங்கே கேட்கக்கூடாது என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. எனவே ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு மைக்கைக் கழற்றி வைக்கிறோம், எங்கள் வீடு முழுவதும் ஊமையாகிவிடுகிறது. ஜெயம்மாளின் இடது கன்னம் மட்டும் தெரியும்படி கேமராவைத் திருப்பி வைக்கிறோம். வலது பக்கத்துக்குத் தலையணை முட்டுக் கொடுத்து அதன் மேல் சால்வை போடுகிறோம். ரெனிட்டா அங்கிருந்து பேசுகிறாள், நான் இங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். நான் "நலம்" என்று தட்டி முடிப்பதற்குள் அவள் மூன்று கேள்வி தாண்டிப் போய்விடுகிறாள். "ஒரு மைக் வாங்க இவ்ளோ நாளாப்பா?" என்று கேட்டாள். ஆம்பூரில் ஸ்டாக் இல்லை என்று தட்டினேன். வேலூரில் கிடைக்குமே என்றாள். அங்கும் இல்லை என்று தட்டினேன். இந்த மாவட்டத்தில் மைக் பஞ்சம் நிலவுவதாக மான்செஸ்டரில் ஒரு பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள். போனில் கூப்பிட்டாலோ அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். "எப்ப போன் பண்ணாலும் குளிக்கிறாங்களேப்பா" என்று அதற்கும் ஒருநாள் சிரித்தாள். அவள் சிரிப்பில் நம்பிக்கை கம்மியாகத்தான் இருந்தது.

ஜெயம்மாளின் இடது கைக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது அசைவதில்லை. முஷாயிராவுக்குத் தூக்கிய கையை மகளுக்கு டாட்டா காட்டத் தூக்கமாட்டேன் என்கிறாள். ஆகவே கெங்கம்மாள் கட்டிலுக்குக் கீழே படத்தில் விழாமல் உட்கார்ந்து, முழங்கையைப் பிடித்து ஆட்டுகிறாள். வெளிநாட்டில் இதைப் பொம்மலாட்டம் என்று தனிக் கலையாகவே மதிப்பார்கள் என்று நீங்கள் அனுப்பிய ஒரு பக்கத்தில் படித்தேன்.

ஏன் கையைத் தூக்க மறுக்கிறாள் என்பது எனக்குப் புரியாமல்தான் இருந்தது. அதை இன்டர்நெட்தான் புரியவைத்தது. தமிழ் இலக்கியம் பேசுகிறவர்கள் கூடும் ஒரு குழுமத்தில் சேரச் சொல்லி எழுதியிருந்தீர்கள் அல்லவா, சேர்ந்தேன். மனதில் இருப்பதை எழுதுங்கள், பாரம் குறையும் என்று முகப்பிலேயே போட்டிருந்ததால், என் மனைவி பேச்சிழந்து கிடக்கிறாள், அவளுக்கு என்ன வாசித்துக் காட்டலாம் என்று எழுதினேன். பதில்கள் குவிந்தன. முதலாமவர் ஒரு லேகியத்தின் பெயரைச் சொன்னார். இரண்டாமவர் அது லேகியம் இல்லை, சூரணம் என்றார். மூன்றாமவர் இது மரபுக்கவிதைக்கான உரையாடல் இழை, உடல்நலக் கேள்விகளை இங்கே போடக்கூடாது என்றார். நான்காமவர் உயிர் போகிற நேரத்தில் இழை பார்ப்பவன் மனிதனா என்று கேட்டு வெண்பாவில் திட்டினார். ஐந்தாமவர் அந்த வெண்பாவில் தளை தட்டுகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் என் மனைவியை மறந்துவிட்டு ஒருவருடைய தாயாரை ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மாலைக்குள் குழுமத்தின் நடத்துனர் வந்து இந்த இழை பூட்டப்பட்டது என்று அறிவித்துவிட்டார். பாரம் குறைந்ததா என்றால், வேறு பாரமாக மாறியது.

ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவில் யாரோ ஒருவர் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஊர் தெரியாது, பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. "நானும் உங்கள் மனைவியைப் போல் கிடந்திருக்கிறேன். எதை வேண்டுமானாலும் வாசியுங்கள். சத்தம் போட்டுப் பேசாதீர்கள், காது நன்றாகக் கேட்கும். அவர்கள் அறையில் இல்லாதது போல அவர்களைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். எனக்குப் பேச்சு திரும்பி வந்தபோது நான் முதலில் செய்தது, நான் கிடந்த நாட்களில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதைத் திருப்பிச் சொன்னதுதான்." இவ்வளவுதான் இருந்தது. நான் பதில் போட்டேன், மறுமொழி வரவில்லை. நம் வீட்டுப் போன் ஜெயம்மாளின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெனிட்டாவிடம் சொல்ல வேண்டாம், ரெனிட்டா வர வேண்டாம், மார்ச்சுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருவரும் வாராவாரம் முடிவெடுத்ததெல்லாம் அங்கே உட்கார்ந்துதான். இந்த ஆளுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. ரெனிட்டா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். நர்ஸ் பார்வை. பிறகு, "அப்பா, அம்மாவ வலது கையத் தூக்கச் சொல்லுங்க" என்றாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து கெங்கம்மாள் கிசுகிசுத்தாள், "சார், அந்தக் கை ரொம்பக் கனம் சார். தூக்கட்டா, வேணாவா?" மைக் கழற்றி வைத்திருக்கிறோம், உரக்கவே கேட்கலாம், ஆனாலும் நாடகத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு பக்தி. நான் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தேன், கத்த ஆரம்பித்த பேட்டரிப் பெட்டியையும் அணைத்தேன். ஆம்பூரில் கரண்ட் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. ரெனிட்டாவின் முகம் இருந்த இடம் கறுப்பானது. அந்தக் கறுப்பைப் பார்த்து ஜெயம்மாள் ஒரு சத்தம் போட்டாள். பேச்சு திரும்பிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். அது சொல் இல்லை. மகளுடைய பெயரின் முதல் எழுத்தாக இருக்கலாம் என்றாள் கெங்கம்மாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன்.

புதன்கிழமை வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். இன்னொரு தடவை வரக்கூடும், வந்தால் தாங்காது, எப்போது என்று சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். வெளியூரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரே மகள், இங்கிலாந்தில் இருக்கிறாள், இன்டர்நெட்டில் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வரும் வழியில் சத்தார் வண்டியை ஓட்டிக்கொண்டே, "ஏன்யா, அந்தப் பொண்ணு உனக்குத்தான பொறந்துச்சு? ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார், நான் எப்படிச் சொல்வது என்றேன். பள்ளிகொண்டா வரைக்கும் அவர் ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் டீசல் விலையைப் பற்றித்தான் பேசினார்.

இதையெல்லாம் எழுதியிருப்பது உங்களைக் கலவரப்படுத்துவதற்காக அல்ல. விவரம் கேட்டீர்கள், எழுதினேன். மார்ச் வரை பொறுத்துக்கொள்ளும்படி ஜெயம்மாளிடமும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. அவள் மறுப்பு தெரிவிக்கும் நிலையில் இல்லை என்பதை இதற்குச் சம்மதமாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ரெனிட்டா வர வேண்டாம். பயிற்சி முக்கியம். அவளுடைய எதிர்காலம் முக்கியம். நீங்கள் புதிதாக அனுப்பியிருக்கும் ஓவியப் பக்கத்தை வரும் வாரம் பார்த்து அபிப்பிராயம் எழுதுகிறேன். உங்கள் முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை என்பதை மறுபடியும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும், அறுபடாத இணைப்பையும், ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டிய காரியம் இல்லாத நாட்களையும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா,
ஜெபராஜ்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை ஜெயம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய எந்தக் கடிதமும் அவள் பார்க்காமல் வெளியே போனதில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தார் வரும் இடத்தில் கண்ணில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "ரெனிட்டா வர வேண்டாம்" என்ற இடத்துக்கு வந்தபோது இடது கையை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். கையை எடு, வாசித்து முடிக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். காகிதம் கசங்கியது, கை நகரவில்லை. கசங்கல் உங்களுக்குத் தெரியும். கெங்கம்மாள் வாசற்படியில் நின்று, "அவ்ளோதான் சார், டீச்சரம்மா சொல்லிட்டாங்க" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, மன்னிக்க வேண்டும். இது உங்கள் ஆபீசுக்கு வரவில்லை. உறையின் மேல் ரெனிட்டா பயிற்சி பெறும் ஆஸ்பத்திரி வார்டின் விலாசத்தை எழுதிவிட்டேன்.

ரெனிட்டா, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. உன் நல்லதுக்குத்தான் சொன்னார், அதே நல்லதுக்குத்தான் நானும் தலையாட்டினேன். அதை விமானத்தில் யோசித்துக்கொள்ளலாம். கிளம்பி வா. சென்னைக்கு சத்தார் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். வழியில் அம்மாவைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்காதே. அழுதுவிடுவார், வண்டி ஓட்டுவதும் அவர்தான்.